அடைபெயரும் வரலாறும்: பிலால், சுஹைபு, சல்மான்

நபிகள் நாயகம் அவர்களின் காலத்தே இசுலாத்தைத் தழுவிய அரபியர் அல்லாதாரைப் பற்றிப் பேசுவோர் மூன்று பெயர்களை ஒரே மூச்சிற் கூறுதல் வழக்கம். அபிசீனியராகிய பிலால், உரோமராகிய சுஹைபு, பாரசீகராகிய சல்மான் என்போர் அம்மூவர். மேடைச் சொற்பொழிவிலும் சிறுவர்க்கான பாடநூலிலும் இவர்கள் தத்தம் நாட்டின் தூதர் போல வரிசையில் நிற்பர். இவ்வரிசை இக்காலத்தார் அமைத்ததன்று. அரபியருள் முந்தியவர் தாமே எனவும், உரோமருள் சுஹைபும் பாரசீகருள் சல்மானும் அபிசீனியருள் பிலாலும் முந்தியோர் எனவும் நபியவர்கள் கூறியதாக ஒரு செய்தி பழைய தொகை நூல்கள் சிலவற்றுட் காணப்படுகின்றது. வரிசை அழகியது, நினைவிற் கொள்ளவும் எளியது. ஆயினும், இம்மூவர் வரலாற்றையும் மூல நூல்களில் தனித்தனியே படிப்பார்க்கு ஓர் ஐயம் எழாமற் போகாது. மூன்று அடைபெயர்களும் ஒரு வாய்பாட்டின. அவற்றின் அடியிற் கிடக்கும் மூன்று வாழ்க்கைகளோ ஒரு வாய்பாட்டில் அடங்குவன அல்ல. அவ்வேறுபாட்டையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

நமக்குக் கிடைக்கும் சான்றுகளுள் தலையாயது இப்னு இசுஹாக் இயற்றிய நபி வரலாறு. அவர் ஏறத்தாழ கி.பி. 767-இல் மறைந்தவர். அவருடைய நூல் அவர் எழுதியவாறே நமக்கு முழுமையாகக் கிட்டவில்லை. 833-இல் மறைந்த இப்னு ஹிஷாம் என்பார் அதனைச் சுருக்கியும் குறிப்புச் சேர்த்தும் வழங்கிய வடிவமே இன்று பயில்கின்றது. அரபு அறியாத தமிழ் மாணவர் ஆல்பிரட் கில்லோம் 1955-இல் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பின் வழி இதனை அணுகலாம். இதற்குப்பின் வைத்தெண்ணத்தக்கவை 845-இல் மறைந்த இப்னு ஸஅதின் வாழ்க்கை வரலாற்றுத் தொகையும், 870-இல் மறைந்த புகாரியாரின் நபிமொழித் தொகையுமாம். இந்நூல்களின் நடை நம் உரை நூல்களிற் பயின்றார்க்குப் புதிதன்று. ஒரு செய்தியை யார் யாரிடம் கேட்டு யாருக்குச் சொன்னார் என்னும் தொடரோடு கூறுவர். மாறுபட்ட செய்தி உளதாயின் அதனையும் அருகே வைப்பர். இப்னு ஹிஷாம் இடையிடையே நுழைத்துச் செல்லும் ‘இவ்வாறு கூறப்படும்’ என்னும் குறிப்பு, நம் உரையாசிரியர் ‘என்பாரும் உளர்’ என விலகி நிற்றலையே நினைவூட்டும். அக்குறிப்புகளைத் தள்ளிவிட்டுக் கதையை மட்டும் கொள்வோரே மூவரையும் ஓரச்சில் வார்த்துவிடுகின்றனர் என்பது எம் கருத்து.

பெயர்களைப் பற்றி முதற்கண் சில கூறல் வேண்டும். அக்கால அரபியரிடை ஒருவனை அறிவிப்பது அவன் தந்தை பெயரும் குலமுமே. இன்னான் மகன், இன்ன குலத்தான் என்று முன்னோர் பலரை நிரல்பட எண்ணத் தெரிந்தவனே அச்சமூகத்தில் முழு மனிதன். அம்முறையில் இடம்பெறாதார்க்கு நாட்டையோ, தம்மை விடுவித்தாரையோ சுட்டிய பெயர் வழங்கிற்று. நம் இலக்கண நூலார் அடைமொழியை இனமுள்ளது, இனமில்லது என இரண்டாகப் பகுப்பர். சல்மானைப் ‘பாரசீகர்’ என்றது வேறு சல்மான்களினின்று பிரித்தறிதற்கு மட்டும் அன்று. தந்தை பெயர் நிற்க வேண்டிய இடம் வெறிதாய்க் கிடந்தமையின் ஆண்டு நாட்டின் பெயர் வந்து அமர்ந்தது. குறுந்தொகைப் புலவருள் ஒருவரை ‘ஆரிய அரசன்’ என்று அடைகொடுத்து வழங்கினாரும் தமிழ்நாட்டாரே அன்றோ? ஒரு நாட்டான் தன் நாட்டில் இருக்குங்கால் அந்நாட்டுப் பெயர் அவனுக்கு அடையாதல் அரிது. அயலிடத்தார் வாயிலேதான் அப்பெயர் பிறக்கின்றது.

இவ்வடை பிறப்பிடத்தை மட்டுமே சுட்டுவதாயின் ஒருவரேனும் அதற்குத் தப்பியிருத்தல் இயலாது. சாலிம் என்பார் தப்பியுள்ளார். பாரசீகத்து இசுதகர் நகரினர் இவர் என்று பழைய ஆசிரியர் கூறுவர். நபியவர்கள் மதீனாவுக்கு வந்து சேருமுன் குபாவில் தங்கிய மக்கா மக்களுக்குத் தொழுகை நடத்தியவர் இவர். அவர்களுள் மறையை மிகுதியாகக் கற்றிருந்தவர் இவரே என்பது காரணம். 633-ஆம் ஆண்டளவில் யமாமாப் போரில் உயிர் நீத்தார். இத்துணைச் சிறப்புடைய பாரசீகரை யாரும் ‘பாரசீகர்’ என்று அழைத்திலர். அபூ ஹுதைபாவின் மகனாக வளர்ந்து, வளர்ப்பு மக்களை அவர்தம் சொந்தத் தந்தையர் பெயராலேயே அழைத்தல் வேண்டும் என்ற மறைக் கட்டளைக்குப்பின் ‘அபூ ஹுதைபாவின் மௌலா’ எனப் பெயர் மாறினார். மௌலா என்பது ஈண்டு, விடுதலை பெற்றும் பழைய தொடர்பு அறாதவனைக் குறிக்கும் சொல். ஒரு குடும்பத்தோடு கட்டுண்டமையின் நாட்டின் பெயர் சாலிமுக்கு வேண்டாதாயிற்று.

இனிப் பிலாலை நோக்குவோம். அபிசீனியர் என்னும் அடையால் அவர் கடல் கடந்து வந்த அயலார் என்றே நம்மிற் பலர் எண்ணுகின்றோம். இப்னு இசுஹாக் அவ்வாறு கூறவில்லை. ஜுமஹ் குலத்தாரிடைப் பிறந்த அடிமை மக்களுள் ஒருவர் என்றே சுருங்கக் கூறுகின்றார். இப்னு ஸஅது சராத் என்னும் மலைநாட்டிற் பிறந்தவர் என்பர். இரண்டிற்கும் பொதுவாவது ‘முவல்லது’ என்னும் சொல். அயற்குருதி உடையராயினும் அரபு மண்ணிற் பிறந்து அரபியரிடை வளர்ந்தவர் என்பது அதன் பொருள். தந்தை ரபாஹ், தாய் ஹமாமா என்று பெயர்களும் தெரிகின்றன. ஆகவே அவர் அபிசீனியர் என்பது நிறமும் பிறப்பு வழியும் பற்றியதேயன்றி நாடும் நாவும் பற்றியதன்று.

நண்பகல் வெயிலில் மக்காவின் மணலிற் கிடத்தி உமய்யா இப்னு கலபு என்பான் மார்பின்மேற் பெருங்கல்லை ஏற்றியதும், பிலால் ‘அஹது’ என்ற ஒரு சொல்லையே மீளமீளக் கூறியதும் யாவரும் அறிந்தவை. அவ்வழியே சென்ற வரக்கா அதனைக் கேட்டு வாழ்த்தினார் என்று இப்னு இசுஹாக் காட்டும் நிகழ்ச்சி, வரக்கா முதல் மறைவெளிப்பாட்டை அடுத்தே மறைந்தார் என்னும் பிறிதொரு செய்தியோடு பொருந்தாமையின் ஐயத்திற்கு இடமானது. நமக்கு வேண்டுவது பிறிதொன்று. துன்பத்தின்போது ஒரு சொல்லே உடையவராகக் காட்டப்படும் இவரே பின்னர் மதீனாவில் தொழுகைக்கு அழைக்கும் குரலாயினார். அழைப்பின் சொற்களைக் கனவிற் கண்டவர் அப்துல்லா இப்னு ஸைது. அவற்றைப் பிலாலுக்குக் கற்பிக்குமாறு நபியவர்கள் பணித்ததற்குப் பிலாலின் குரல்வளமே காரணமாகக் கூறப்படுகின்றது. பள்ளிவாயிலை அடுத்து நஜ்ஜார் குலத்துப் பெண்ணொருத்தியின் வீடே உயர்ந்து நின்றமையின் அதன் மேலேறி வைகறையில் அழைப்பார்.

இத்தகையார்க்குப் பிற்காலத்தார் நாக்குழறலை ஏற்றினர். பிலாலுக்கு ‘ஷ’ வாராது, ‘ஸ’ என்றே ஒலிப்பார், ஆயினும் இறைவனிடத்து அவ்வொலியே செவ்வொலி என்று ஒரு கதை பரவலாக வழங்குகின்றது. கேட்பதற்கு உருக்கமானதே; ஷகர ஒலி இயல்பாக அமையாத தமிழர் நாவுக்கு அது பெரிதும் இனித்தலும் வியப்பன்று. ஆனால் அதற்கு அடிப்படை யாதும் இல்லை என்று 14-ஆம் நூற்றாண்டினராகிய மிஸ்ஸீ, இப்னு கதீர் முதலிய நபிமொழி வல்லுநர் அன்றே மறுத்துவிட்டனர். குரல்வளத்திற்காகவே தேர்ந்தெடுக்கப்பட்ட, அரபு மண்ணிற் பிறந்த ஒருவருக்கு இக்கதை எங்ஙனம் வந்தது? அடைபெயர் ஈன்ற கதை இது என்பதே எம் துணிபு. ‘அபிசீனியர்’ என்றபின் அயல்நா இருந்தேயாதல் வேண்டும் என்று கேட்போர் மனம் எதிர்பார்த்தது. எதிர்பார்த்ததைக் கதை கொடுத்தது.

இவ்வளர்ச்சியை வேறிடத்தும் காண்கின்றோம். 630-இல் மக்கா வெற்றியின்போது பிலால் தொழுகைக்கு அழைத்தமை கேட்டு, அசீதின் மகன் அத்தாபு, இதனைக் கேளாமலே தன் தந்தை இறந்தது இறைவன் அவனுக்குச் செய்த சிறப்பு என்று கூறியதாக இப்னு ஹிஷாம் எழுதுகின்றார். ஆண்டு நிறத்தைப் பற்றிய பேச்சு இல்லை. 1076-இல் மறைந்த வாஹிதீ தம் நூலில் இந்நிகழ்ச்சியைக் கூறுமிடத்தோ, உடனிருந்தான் ஒருவன் பிலாலைக் கருங்காக்கைக்கு ஒப்பிட்டு இகழ்கின்றான். அவ்வாறே, அபூதர் ஒருவரை அவர் தாயைச் சுட்டி இகழ்ந்து நபியவர்களால் கண்டிக்கப்பட்ட செய்தி புகாரியாரிடத்து உண்டு. இகழப்பட்டவர் பெயர் அங்கு இல்லை. அவர் பிலாலே என்று பெயரிட்டுக் காட்டியோர் பிறர். இகழ்ச்சியே நிகழவில்லை என்பது எம் கருத்தன்று. நிகழ்ந்தமையாலேதான் கண்டிப்பும் நிகழ்ந்தது. பெயரின்றிக் கிடந்த இகழ்ச்சிகள் எல்லாம் நாளடைவில் ஒருவர் தோளிலேயே வந்து ஏறின என்பதே யாம் சுட்ட விழைவது.

சுஹைபின் நிலை இதற்கு நேர்மாறானது. அவர் உரோமர் எனப்பட்டார். ஆனால் தாம் நமிர் இப்னு காசித் என்னும் அரபுக் குலத்தவர், சினானின் மகன் என்று தம் வாழ்நாள் முழுதும் கூறிவந்தார். மோசுல் பகுதியில் வாழ்ந்த குடும்பத்தினின்று சிறுவனாக இருக்குங்கால் உரோமப் படையினரால் கவரப்பட்டு, அவரிடை வளர்ந்து, கல்பு குலத்தாரால் வாங்கப்பட்டு மக்காவில் அப்துல்லா இப்னு ஜுத்ஆனுக்கு விற்கப்பட்டார் என்பது அவர் வரலாறு. பிலால் நாவால் அரபியர், பிறப்பு வழியால் அயலார். சுஹைபு பிறப்பு வழியால் அரபியர், நாவால் அயலார். இருவர்க்கும் ஒரே வகையான அடையை அச்சமூகம் இட்டது.

அவர் கூற்றை எல்லாரும் எளிதில் ஏற்றனர் எனவும் கொள்ளலாகாது. தந்தையல்லாத ஒருவரைத் தந்தை எனக் கூறற்க என்று அப்துர் ரஹ்மான் இப்னு அவுபு அவரை எச்சரித்ததும், எத்துணைப் பொருள் கிடைப்பினும் தாம் அங்ஙனம் பொய் கூறார், சிறுவயதிற் களவாடப்பட்டதே உண்மை என்று அவர் விடையிறுத்ததும் புகாரியாரின் தொகையில் உள்ளன. கலீபா உமறும் இதனையே ஒரு குறையாக எடுத்துக் கேட்டார் என்று வேறு நூல்கள் கூறும்: நாவோ அயல் நா, உரிமை கொண்டாடுவதோ அரபுக் குலம் என்பது வினா. புதிய சமயம் குலப்பெருமையைக் கண்டித்த பின்னரும் ஒருவரிடம் குலம் பற்றிய வினா நிற்கவில்லை என்பதை இந்நூல்கள் மறைத்தில. அவ்வுமறு 644-இல் குத்துண்டு கிடந்தபோது, புதிய தலைவர் தேர்ந்தெடுக்கப்படும் வரை மூன்று நாள் மக்களுக்குத் தொழுகை நடத்துமாறு பணித்தது சுஹைபையே. தொழுகை நடத்துதல் என்பது அரபு மறையை மக்கள் முன் ஓதுதல். எந்த நா குறையாகச் சுட்டப்பட்டதோ அந்த நாவிடமே அப்பணி ஒப்படைக்கப்பட்டது. இவ்விரு செய்திகளையும் ஒருங்கு வைத்துப் படித்தாரை யாம் மிகுதியாகக் கண்டிலோம்.

மக்காவை விட்டு அவர் புறப்பட்டபோது குறைஷியர் வழிமறித்துக் கூறியதும் கருதத்தக்கது. வறியனாய் வந்து எம்மிடைப் பொருள் பெருக்கினாய், உயிரையும் பொருளையும் ஒருங்கே கொண்டுபோக விடோம் என்பது அவர் வழக்கு. பொருள் முழுவதையும் விட்டு அவர் வெளியேற, அதனைக் கேட்ட நபியவர்கள் சுஹைபு ஊதியம் பெற்றார் என்றனர். வணிகர் நகரில் வணிகச் சொல்லாலேயே அமைந்த பாராட்டு அது. இப்னு ஹிஷாமோ, பத்ருப் போரிற் கலந்தோர் பட்டியலில் சுஹைபின் பெயரை எழுதுமிடத்து, நமிர் குலத்தார் என்பதையும் உரோமர் என்று கூறப்படுதலையும் இரண்டாகவே வைத்துவிட்டு, ஒருதலையாகத் துணியாமற் செல்கின்றார்.

மூவருள் உண்மையாகவே அயல்நாட்டிற் பிறந்து அயல்மொழி பேசி வளர்ந்தவர் சல்மான் ஒருவரே. தம் கதையைத் தம் வாயாலேயே தொடக்கமுதல் கூறும் பேறும் அவர் ஒருவர்க்கே வாய்த்தது. இப்னு அப்பாசு அவரிடம் கேட்டுக் கூறியதாக இப்னு இசுஹாக் தரும் அந்நெடிய தன்மைக் கூற்று, அரபு உரைநடையின் தொன்மையான கதைகளுள் சிறந்த ஒன்று என்று கூறத் தயங்கோம். இசுபஹானை அடுத்த ஜய் என்னும் ஊரில் நிலக்கிழார் ஒருவரின் மகன்; தந்தையின் அளவிறந்த அன்பால் வீட்டிற் சிறையிருப்பான் போன்று வளர்ந்து, புனித நெருப்பு அவியாமற் காப்பவன். நிலத்தைப் பார்த்துவர அனுப்பப்பட்ட ஒருநாள் கிறித்தவர் கோயிலின் வழிபாட்டொலி கேட்டு நின்றுவிடுகின்றான். பின்பு தப்பிச் சிரியாவுக்கு ஓடி, ஒரு குருவிடம் அடைக்கலம் புகுகின்றான். அக்குரு ஏழைகளுக்கென வாங்கிய பொருளை ஏழு சாடிகளில் நிரப்பிப் பதுக்கியவன். அவனை அடுத்து வந்த நல்லார் இறக்குங்கால் மோசுலில் உள்ளாரையும், அவர் இறக்குங்கால் நிசிபியில் உள்ளாரையும், அவரும் இறக்குங்கால் அம்மூரியாவில் உள்ளாரையும் சுட்டுகின்றனர். இனி யாரிடம் என்னை ஒப்படைப்பீர் என்னும் ஒரே வினா ஒவ்வொரு சாவுப்படுக்கையருகும் மீண்டும் மீண்டும் கேட்கப்படுகின்றது.

இவ்வமைப்பு நாடோடிக் கதைகளின் அமைப்பே. அதனை மறுப்பாரோடு யாம் வழக்கிடோம். ஆனால் அமைப்புக்குள் அடங்காத செய்திகள் இக்கதையில் உள. அம்மூரியாவில் உழைத்துச் சேர்த்த மாடு ஆடுகளைக் கூலியாகக் கொடுத்து, அரபு நாட்டுக்கு அழைத்துச் செல்லுமாறு கல்பு வணிகரை வேண்டுகின்றார். அவர்கள் வாதில் குரா என்னுமிடத்தில் அவரை அடிமையாக விற்றுவிடுகின்றனர். அங்கிருந்து மதீனாவின் குறைளா குலத்து யூதர் ஒருவர் கைக்கு மாறுகின்றார். பேரீந்தின் உச்சியில் வேலை செய்துகொண்டிருக்கையில், மக்காவிலிருந்து வந்த ஒருவரைச் சூழ்ந்து குபாவில் மக்கள் கூடியுள்ளனர் என்ற பேச்சைக் கேட்கின்றார். கீழே அமர்ந்திருக்கும் தலைவன்மேல் விழுந்துவிடுவோமோ என்னுமளவு உடல் நடுங்குகின்றது. இறங்கிவந்து வினவியவர்க்குக் கிடைத்தது ஓர் அடி. உனக்கு அதனால் என்ன, வேலையைப் பார் என்ற சொல். பல நாடு கடந்து தேடிய ஒன்று அருகில் வந்த நேரத்தே, தேடியவர் கேள்வி கேட்கவும் உரிமையற்றவர் என்பதை இதனினும் சுருங்கக் கூறல் அரிது.

தானமாகக் கொடுத்ததை நபியவர்கள் உண்ணாமையும், அன்பளிப்பாகக் கொடுத்ததை உண்டமையும், தோள்களினிடையே இருந்த முத்திரையும் ஆகிய மூன்று அடையாளங்களாற் சல்மான் தெளிவுற்ற பகுதியையே சொற்பொழிவாளர் விரிப்பர். அதனை அடுத்துள்ள ஒரு வாக்கியத்தை விடுவர். அடிமை வாழ்வு தடுத்தமையால் பத்ருப் போரும் உஹதுப் போரும் தமக்குத் தவறின என்று சல்மானே கூறுகின்றார். சமயம் மாறிய அன்றே தளை அறவில்லை. 300 பேரீந்தங் கன்றுகளும் 40 ஊக்கியாப் பொன்னும் விலையாகப் பேசப்பட்டன. தோழர்கள் முப்பது, இருபது, பதினைந்து, பத்து என இயன்ற அளவு கன்று கொணர்ந்தனர், குழிகளைச் சல்மான் தோண்டினார், நபியவர்கள் தம் கையால் நட்டனர், ஒன்றும் பட்டுப்போகவில்லை. பொன் பின்னர் ஒரு சுரங்கத்தினின்று வந்தது. கன்றுகளை இவ்வளவு துல்லியமாக எண்ணிவைத்த நினைவு, விடுதலைக்கு விலையுண்டு என்பதை அறிந்தவரின் நினைவாகவே எமக்குப் படுகின்றது.

627-இல் மதீனாவைச் சூழ அகழ் தோண்டியபோதுதான் அவர் உரிமை பெற்றவராய் முதன்முதற் களத்தில் நிற்கின்றார். அகழ் தோண்டுமாறு கூறியவர் அவரே என்னும் புகழ்பெற்ற செய்தியை இப்னு ஹிஷாம் ‘கூறப்படும்’ என்றே தருகின்றார். அகழைக் குறிக்கும் ‘கந்தக்’ என்னும் அரபுச் சொல் பாரசீகத்தினின்று வந்தமை அச்செய்திக்குத் துணையாகலாம். சொல்லே செய்தியைத் தோற்றுவித்திருத்தலும் கூடும். அக்களத்தில் மக்காவினின்று வந்தோரும் மதீனத்தாரும் சல்மான் எம்மவர் என்று தம்முள் வழக்கிட, நபியவர்கள் அவரைத் தம் இல்லத்தவர் என்றனர். குலவரிசையில் இடமற்றிருந்தவர்க்கு இடம் கிடைத்த நிகழ்ச்சி இது.

அடைபெயர் பற்றிய ஆய்வுக்கு இன்றியமையாத இரு செய்திகளை இவண் ஒப்பிடுதல் தகும். குலம் யாதென்று அரபியர் வினவியபோது தாம் இசுலாத்தின் மகன் என்றே சல்மான் கூறியதாக ஒரு செய்தி உண்டு. பின்னாளில் பாரசீகக் கோட்டையொன்றை முற்றுகையிட்ட படைக்குத் தலைவராய் நின்றபோது, உள்ளிருந்தாரை நோக்கித் தாமும் அவருள் ஒருவரே, பாரசீகரே, அரபியர் தமக்குப் பணிதலைக் காண்மின் என்று கூறி, அவர் மொழியிலேயே பேசினார் என்று திர்மிதியாரின் தொகை தெரிவிக்கின்றது. அரபியர் முன் வேண்டாத அடையைப் பாரசீகர் முன் தாமே மேற்கொள்கின்றார். பிறர் இட்ட பெயர் அவர் கையிற் கருவியாகிவிட்டது. சாசானியரின் தலைநகராயிருந்த மதாயினில் ஆட்சியாளராய் இருந்து, பேரீந்து ஓலை முடைந்து வாழ்ந்து, ஆங்கே மறைந்தார் என்பர்.

அரபியர், அரபியரல்லாதார் என்னும் பூசல் முற்றிய 8, 9-ஆம் நூற்றாண்டுகளில், ஒவ்வோர் இனத்தார்க்கும் தம்மவர் ஒருவர் தொடக்கத்திலேயே இருந்தார் என்று காட்டுதல் தேவையாயிற்று. மூவரும் தூதர்களாகப் பரவலாக எண்ணப்பட்டது அச்சூழலில் என்று கருத இடமுண்டு. லூயி மாசிஞோன் 1934-இல் சல்மானைப் பற்றி எழுதிய சிறந்த ஆய்வும் தலைப்பிலேயே அவரை ஈரானிய இசுலாத்தின் முதற்கனிகளோடு சேர்த்துவிடுகின்றது. முதற்கனி என்றபின் கனி கண்ணிற் படும். மரத்தின் உச்சியில் நடுங்கியவர் கண்ணிற் படார்.

இக்கதைகளை எழுதிவைத்தாரையும் ஒருமுறை நோக்குதல் வேண்டும். இப்னு ஸஅது ஹாஷிம் குலத்தாரின் மௌலா. இப்னு இசுஹாக்கின் பாட்டனார் யசார், 633-இல் ஐனுத் தமர் என்னும் ஊர் வீழ்ந்தபோது சிறைப்பட்டு மதீனாவுக்குக் கொணரப்பட்டவர். அடிமையாய் வந்தவரின் பேரர், மதீனாவிலேயே பிறந்து அரபு கற்று, அரபு மொழியின் தலைசிறந்த நபி வரலாற்றை எழுதினார். தம் குடும்பக் கதையை அவர் அந்நூலில் விரிக்கவில்லை. ஆனால் பிலாலின் பெயர் வருமிடத்தில், எல்லாரும் அபிசீனியர் என்று கூறிச் செல்ல, அவர் மட்டும் ஜுமஹ் குலத்தாரிடைப் பிறந்தவர் என்ற குறிப்பை விடாது எழுதியுள்ளார். வந்தவர்க்கும், வந்தவர் வழியில் அங்கேயே பிறந்தவர்க்கும் உள்ள வேறுபாட்டை அவர் நூலினின்று அறியவேண்டிய நிலையில் இருந்தாரல்லர்.